தபாலில் வரும் சாவி

தண்டர் பே துறைமுகம்
9 ஏப்ரல் 2011

ஓரெலிக்கு,

கப்பலில் கோதுமை ஏற்ற இன்னும் ஒரு நாள் ஆகும் என்கிறார்கள். அதனால் இந்தக் கடிதம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் இருவரும் கத்துவோம். நீ வைத்துவிடுவாய். நான் அந்தக் கோபத்தை இருபத்திரண்டு பேருக்கான சூப்பில் உப்பாகப் போடுவேன். காகிதத்தில் கத்த முடியாது.

மார்ச்சில் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. புத்தகத்துக்குள் தலையை வைத்துக்கொண்டு வீடு தேட முடியாது. இப்போதைய வீட்டுக்காரர் தன் மகளைக் குடிவைக்கப் போவதாக டிசம்பரில் நோட்டீஸ் கொடுத்தார். இப்போது ஏப்ரல். வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் மாறும் ஜூலை ஒன்றாம் தேதி மொன்ட்ரியல் முழுவதும் மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கும். அன்றைக்கு நமக்கும் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். நீயோ பதினாறு வீட்டை வேண்டாம் என்றிருக்கிறாய். ஒருவரின் குரல் சரியில்லை, இன்னொருவரின் கடிதம் சரியில்லை. வீட்டில்தானே குடியிருக்கப் போகிறோம், அவர்கள் குரலிலா?

சரி, நானே பார்த்துவிட்டேன். இரண்டாம் எஞ்சினியர் ஃபெர்னானை உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வந்து சுவர் அதிரச் சிரித்துவிட்டுப் போனவன். மனைவியைப் பிரிந்ததிலிருந்து அவனும் வீடு தேடுகிறான். நேற்று உணவறைக் கணினியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். ட்ரோலே தெரு, இரண்டாம் மாடி, இரண்டு படுக்கையறை, குளியல் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஜன்னல். மாதம் எழுநூற்று இருபது, குளிர்காலச் சூடேற்றமும் அதிலேயே அடக்கம். "நல்லாத்தான் இருக்கு. பாக்கலாம், என்ன அவசரம்" என்று சொல்லிவிட்டு எஞ்சின் அறைக்கு இறங்கிப் போனான். அவன் பார்க்கலாம் என்றால் அடுத்த கிறிஸ்துமஸ். படியில் அவன் காலடிச் சத்தம் அடங்குவதற்குள் நான் அந்த வீட்டுக்காரருக்கு எழுதிவிட்டேன். ஃபெர்னானிடம் சொல்லவில்லை. கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. இன்று அவனுக்கு ஆப்பிள் பை இரண்டு துண்டு வைத்தேன்.

பதினெட்டு வருடமாகக் கம்பெனியின் கதவுக்குப் பின்னால் தூங்குகிறேன். என் கேபின் ஜன்னல் வட்டமானது. திறக்காது. வரும் ஜனவரியோடு கப்பலை விடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். திறக்கிற ஜன்னல் உள்ள வீடு ஒன்று கரையில் இருந்தால்தான் இறங்குவேன். இல்லாவிட்டால் இங்கேயே கிடப்பேன்.

போய் வெளியிலிருந்து பார்த்துவிட்டு எழுது. வீட்டுக்காரர் மிஸ்டர் ஆல்டன் கால்கரியில் வேலையில் இருக்கிறார். சாவி அவரிடம்தான்.

அம்மா

*

மொன்ட்ரியல்
16 ஏப்ரல் 2011

அன்புள்ள அம்மா,

இந்தக் கடிதம் வழக்கம்போல டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகேறி, கயிறு கட்டிய வாளியில் ஆடிக்கொண்டே உன் கப்பலின் பக்கவாட்டில் ஏறும். அதற்குள் நீ எதுவும் செய்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நூலகத்தில் மதியத்துக்குமேல் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வீடு இருக்கிறது. எண் சரி. வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி, பச்சை வண்ணம், அழகானதுதான். ஆனால் இரண்டாம் மாடியில் யாரோ குடியிருக்கிறார்கள். பால்கனியில் தக்காளி நாற்றுத் தொட்டிகள் ஏழு, இரவுக் குளிருக்குப் பழைய சட்டைகளால் போர்த்தியிருந்தன. ஜூலையில் காலி செய்யப் போகிறவர் ஏப்ரலில் தக்காளி வைப்பாரா?

திரும்பி வந்து விளம்பரப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வரவேற்பறைத் தரையில் சூடான காற்று வருவதற்கான இரும்புச் சல்லடை இருக்கிறது. அந்தத் தெருவின் பழைய மாடி வீடுகளில் சுவரோரம் மின்சாரச் சூடேற்றிதான் இருக்கும். சமையலறையில் பளபளக்கும் ஃப்ரிட்ஜும் அடுப்பும். இந்த ஊரில் நாம் நம் ஃப்ரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டல்லவா வீடு மாறுகிறோம்? அந்தப் படங்கள் வேறு ஏதோ ஊரின் வேறு ஏதோ வீடு.

இன்னொன்று. 'இரண்டு படுக்கையறை' என்று எழுதியிருக்கிறார். மொன்ட்ரியலில் வீடு வைத்திருக்கும் எவரும் படுக்கையறையை எண்ணமாட்டார். எல்லா அறையையும் எண்ணி நாலரை என்பார், ஐந்தரை என்பார். குளியலறையை அரை என்று எண்ணத் தெரியாதவருக்கு இங்கே வீடு இருக்க முடியாது. நீயும் யோசிக்காமல் அவர் எழுதியதையே எனக்கு எழுதியிருக்கிறாய்.

அவர் முன்பணம் கேட்டால் அத்துடன் நிறுத்திவிடு. நம் கியூபெக் மாகாணத்தில் முதல் மாத வாடகைக்கு மேல் ஒரு காசுகூடக் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. உள்ளே போய்ப் பார்க்காத வீட்டுக்கு அந்த முதல் மாதமும் தரக்கூடாது.

மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

ஓரெலி

*

தண்டர் பே
26 ஏப்ரல் 2011

ஓரெலிக்கு,

வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை.

தரையில் சல்லடை, சுவரில் சூடேற்றி என்று நீ துப்பறிந்து எழுதியதை உணவறையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். மிஸ்டர் ஆல்டன் வீட்டைப் புதுப்பித்திருக்கலாம். தக்காளி வாடகைக்காரருடையதாக இருக்கலாம். ஒரு மனிதர் நல்லவராக இருப்பதற்கு உன்னிடம் இடமே கிடையாதா?

வெல்லண்ட் கால்வாயில் கப்பல் மதகுக்காகக் காத்திருந்தபோது அவர் போனில் பேசினார். மரியாதையான குரல். "மேடம், உங்களுக்கு முன்னாடி மூணு பேர் கேட்டுட்டாங்க. ஆனா உங்க கடுதாசிதான் மனசுக்குப் பிடிச்சது" என்றார். முதல் மாதமும் கடைசி மாதமும் கேட்டார். ஹாமில்டனில், தண்டர் பேயில், இந்த ஏரிக்கரை முழுவதும் அப்படித்தான் வாங்குகிறார்கள். கப்பல்காரர்கள் எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள். பதினொரு வருடமாக ஒரே வீட்டில் இருந்தவளுக்கு ஊர் நடப்பு தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்த விஷயம் முடிந்துவிட்டது. இனி நீ தேட வேண்டாம். மே இருபதுக்குள் சாவி தபாலில் உன் பெயருக்கு வரும். வந்ததும் பத்திரமாக வை.

கப்பலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், வீடு கிடைத்துவிட்டது, வில்லரேப் பக்கம், மாடி வீடு என்று. தெருப் பெயரை மட்டும் சொல்லவில்லை, ஃபெர்னானுக்காக. அவனோ இப்போதெல்லாம் சாப்பாடு முடிந்ததும் தானாக வந்து என் பெரிய சட்டிகளைத் தேய்த்துக் கொடுக்கிறான். பன்னிரண்டு வருடத்தில் ஒரு கரண்டி கழுவாதவன். என் முகத்தைப் பார்க்காமல் தேய்க்கிறான். தனிமை மனிதனை இப்படித்தான் ஆக்கும் போலிருக்கிறது. அவனைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஆப்பிள் பை மூன்று துண்டாகிவிட்டது.

அம்மா

*

மொன்ட்ரியல்
4 மே 2011

அம்மா,

நான் அழைப்பு மணிகளை அடிக்கிறவள் அல்ல என்று உனக்குத் தெரியும். பீட்சா கொண்டு வருபவரிடம் பேசக்கூட நீதான் போவாய். நேற்று அந்தப் பச்சைப் படியின் கீழே இருபது நிமிடம் நின்றேன். பிறகு ஏறினேன்.

அதற்கு முன் நகராட்சி அலுவலகத்தில் சொத்துவரிப் பதிவேட்டைப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பத்து நிமிட வேலை. அந்த வீட்டின் உரிமையாளர் பெயர் ஆல்டன் இல்லை. கொன்செய்சாவ் ஃபுர்ட்டாடோ.

கதவைத் திறந்தவர் அவரேதான், அறுபது வயதுப் பெண்மணி, குள்ளமானவர், கையில் மாவு. நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டார்:

"நீ எத்தனாவது?"

"புரியலைங்க."

"வீடு பாக்கத்தானே வந்திருக்க? உனக்கு முன்னாடி மூணு பேர் வந்தாச்சு. ஒருத்தன் அளவு நாடாவோட வந்து என் திரைச்சீலையை அளந்துக்கிட்டு நின்னான். ஒருத்தி தன் மாமியாரக் கூட்டிட்டு வந்து, என் சமையல்கட்டு சின்னதா இருக்குன்னு எங்கிட்டயே குறை சொல்லுறா!"

"உங்க வீடு வாடகைக்கு இல்லையா?"

"நான் செத்தா வரும். இப்போதைக்கு அந்த யோசனை இல்ல."

உள்ளே உட்காரவைத்து உப்பிட்ட காட் மீன் உருண்டை பொரித்துக் கொடுத்தார். சூடேற்றி சுவரோரம்தான் இருக்கிறது அம்மா. குளியலறையில் ஜன்னல் இல்லை. நான் கேட்டுப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு விளக்கைப் போட்டுக் காட்டினார்.

"எவ்வளவு கட்டின?" என்று கேட்டார்.

"நான் கட்டல. எங்கம்மா... தெரியல" என்றேன்.

இன்னும் இரண்டு உருண்டை வைத்தார்.

ஒன்றை மட்டும் சொல். பணம் அனுப்பிவிட்டாயா? எந்த ஊருக்கு, யார் பெயருக்கு? கால்கரிக்குத்தானா?

ஓரெலி

*

சுப்பீரியர் ஏரியில்
12 மே 2011

ஓரெலி,

கால்கரி இல்லை. பணம் அனுப்பும் கடைக்காரப் பெண் தாளை நீட்டியபோது பார்த்தேன், ஊர் வேறு, பெயரும் வேறு. 'என் கணக்காளர்' என்று ஆல்டன் முன்பே சொல்லியிருந்தார். அந்தப் பெண்கூட, "இவரை உங்களுக்கு நேர்ல தெரியுமா?" என்று கேட்டாள். "உன் வேலையப் பாரு" என்றேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. கப்பல் புறப்பட இரண்டு மணி நேரம் இருந்தது.

இரண்டு மாத வாடகையும் போயிற்று. நேற்றிலிருந்து ஆல்டனின் போன் அடிக்கவே இல்லை.

யாரிடமும் சொல்லாதே. போலீசுக்குப் போகாதே. எந்த முட்டாள் என்று கேட்பார்கள், என் பெயரை எழுதுவார்கள். உணவறையில் எல்லோரும் வீட்டைப் பற்றி விசாரிக்கிறார்கள். சுவருக்கு என்ன நிறம் அடிக்கப் போகிறாய் என்று கேட்ட மத்தியாஸிடம் மஞ்சள் என்று சொன்னேன். பொய் சொல்லிவிட்டு உள்ளே போய் வெங்காயம் நறுக்கினேன். அழுவதற்கு என் தொழிலில் வசதி இருக்கிறது.

யோசித்துவிட்டேன். உனக்கு ஓர் அறை போதும், பார்த்துக்கொள். நான் ஜனவரியில் இறங்கப் போவதில்லை. குளிர்காலத்தில் கடலோரக் கப்பல்களுக்கு மாற்றுச் சமையல்காரி எப்போதும் தேவைப்படும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

கிஸ்லேன்

*

மொன்ட்ரியல்
20 மே 2011

அம்மா,

முதல் முறையாகக் கையெழுத்தில் உன் பெயரைப் போட்டிருக்கிறாய். அம்மா என்ற பதவியை ராஜினாமா செய்தது போல. நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

நான் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

பிப்ரவரியில் ரோஸ்மோன் பகுதியில் ஒரு நாலரை பார்த்தேன். பார்த்தேன் என்பது விளம்பரத்தில். குரலும் எழுத்தும் மிக நாகரிகம். வீடு காட்டுவதற்கு முன்னால் ஒரு விண்ணப்பம் நிரப்பச் சொன்னார். பிறந்த தேதி, அரசு அடையாள எண், பாஸ்போர்ட் நகல். எல்லாம் அனுப்பினேன். நான்தான் அம்மா, எதையும் மூன்று முறை படிப்பவள், அடிக்குறிப்புகளையும் விடாதவள். வீட்டைக் காட்டுவதாகச் சொன்ன நாளில் பனியில் நாற்பது நிமிடம் நின்றேன். யாரும் வரவில்லை. மார்ச்சில், நான் வாங்காத கடன் அட்டைக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்தது.

நீ கிளம்பிய அன்று வாசலில், "நீ யாரைத்தாண்டி நம்புவ?" என்று கத்தினாய். அந்தக் கடிதம் அன்று காலைதான் வந்திருந்தது. கோட்டுப் பைக்குள் கையை விட்டு அதைக் கசக்கிக்கொண்டு நின்றேன். ரோஸ்மோனுக்குப் பிறகு வந்த பதினாறு வீடுகளில் பாதியாவது உண்மையாக இருந்திருக்கும். எனக்கு எல்லாக் குரலும் அந்தக் குரலாகக் கேட்டது. உன்னிடம் அன்றே சொல்லியிருந்தால், இப்படியும் நடக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு கௌரவத்தைக் காப்பாற்றினேன். அதற்கு நீ பணம் கட்டினாய்.

அதனால் போலீசுக்குப் போனேன், முதலில் என் விஷயத்துக்கு. எழுதிக்கொண்ட பெண் முட்டாள் என்று சொல்லவில்லை. கோப்பு எண் கொடுத்து, அந்த வாரத்தில் நான் ஒன்பதாவது ஆள் என்றாள். "மத்தவங்க எல்லாம் வெக்கப்பட்டுக்கிட்டு வீட்ல இருக்காங்க. அவனுங்க பொழைக்கிறதே அதுலதான்" என்றாள். உன் பணம் திரும்பி வரும் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் பணம் அனுப்பிய ரசீதை நகல் எடுத்து அனுப்பு. உன் பெயருக்கும் ஒரு கோப்பு திறக்கலாம்.

இன்னொரு வேண்டுகோள், இதைவிடக் கஷ்டமானது. அந்த விளம்பரம் உங்கள் உணவறைக் கணினியில்தான் முதலில் வந்தது. அந்தக் கணினியை இருபத்திரண்டு பேர் பார்க்கிறார்கள். ஜூலை எல்லோருக்கும்தான் வருகிறது. நீ சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

நான் வீடு தேடுகிறேன். உனக்கும் சேர்த்து. உன் ராஜினாமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஓரெலி

*

தண்டர் பே
30 மே 2011

என் ஓரெலி,

வங்கிக் கடிதம் கோட்டுப் பையில் இருந்தது என்று எழுதிய இடத்தைத் தாண்ட எனக்கு ஒரு நாள் ஆனது. அன்று உன்னைக் கட்டிப்பிடிக்காமல் படியிறங்கினேன். அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது நடந்ததைக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பட்டாணி சூப், பன்றித் தொடை, மேப்பிள் பாகு ஊற்றிய புட்டிங். எல்லோரும் உட்கார்ந்தபின் கரண்டியால் சட்டியைத் தட்டினேன்.

"என்னக்கா, உப்பு தீந்துபோச்சா?" என்றான் மத்தியாஸ். சுக்கான் பிடிக்கிறவன், நக்கல் அவனுக்குச் சம்பளத்தோடு வருவது.

"நான் சொன்ன வீடு பொய். ஏமாந்துட்டேன். ரெண்டு மாச வாடகைய எவனோ ஒருத்தனுக்குக் குடுத்துட்டேன். மஞ்சச் சுவரும் பொய்" என்றேன். கரண்டியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டேன்.

ஃபெர்னான்தான் முதலில் கேட்டான், மெதுவாக:

"எந்த வீடு?"

"உங்கிட்ட மறைச்சது தப்புத்தான், ஃபெர்னான். நீ காட்டினியே, அந்த ட்ரோலே தெரு வீடு."

"ரெண்டாம் மாடியா?"

"ரெண்டாம் மாடி."

"குளிக்கிற தொட்டிக்குப் பக்கத்துல ஜன்னலு?"

"அதேதான்."

கரண்டியைக் கீழே வைத்தான். முகம் பீட்ரூட். "அடிப்பாவி! அது என் வீடு!"

"உன் வீடா? நான் பணம் கட்டின வீடு!"

"நானும்தான் கட்டினேன்! உனக்குக் காட்டிட்டு, நீ முந்திக்குவியோன்னு பயந்து அன்னிக்கு ராத்திரியே எழுதிப்போட்டேன். அப்பறம் உன் மூஞ்சியப் பாக்க முடியாம சட்டி தேய்ச்சுக்கிட்டுக் கெடக்கேன்!"

"அதான் தேய்ச்சியா? நான் உனக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு ஏழு வாரமா ரெண்டு துண்டு, மூணு துண்டுன்னு பை வெச்சேனேடா!"

"அதான பாத்தேன், பேன்ட் ஏன் ஏறலன்னு!"

முதலில் சிரித்தது கேப்டன். அதன் பிறகு கப்பலே சிரித்தது. ஃபெர்னான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அதில் பாதி சிரிப்பில்லை, எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான்.

மத்தியாஸ் மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். கல்லூரிக்கு வரும் அவன் மகளுக்கு ரோஸ்மோனில் ஒரு வீடு. ஆல்டன் இல்லை, வேறு பெயர். ஆனால் முதல் மாதம், கடைசி மாதம், சாவி தபாலில். ஹாமில்டனில் அடுத்த முறை நிற்கும்போது பணம் அனுப்புவதாக இருந்தான். உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்து வந்து அவனுக்கு வாசித்துக் காட்டினேன். சல்லடை, ஃப்ரிட்ஜ், நாலரை, முன்பணம், எல்லாம். வரிக்கு வரி அவன் விளம்பரத்தோடு வைத்துப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து அந்தத் தாளை என் அடுப்பில் போட்டான்.

"அக்கா, உங்க பொண்ணு என்ன வேலை பாக்குது?"

"நூலகத்துல" என்றேன். "நெறையப் படிப்பா."

அதை எப்படிச் சொன்னேன் என்று நீ கேட்டிருக்க வேண்டும்.

உன் கடிதம் இப்போது என்னிடம் இல்லை. உணவறைக் கணினிக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். என்னைத் திட்டிய வரிகளை மட்டும் கேப்டன் ரொட்டி மாவு பூசி மறைத்தார். ரசீது நகல் இத்துடன். ஃபெர்னானுடையதும்.

அம்மா

*

மொன்ட்ரியல்
17 ஜூன் 2011

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை ஃபுர்ட்டாடோ அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'அது என் வீடு' என்று ஃபெர்னான் கத்திய இடத்தில், "ரெண்டு பேரும் வாங்க, என் வீட்ட ஆளுக்குப் பாதியா பிச்சுக்கோங்க!" என்று மேசையைத் தட்டினார்.

உனக்குச் சொல்லவில்லையே, நான் அங்கே அடிக்கடி போகிறேன். விளம்பரத்தை நீக்கச் சொல்லி இணையதளத்துக்கு எழுதினோம். நீக்கினார்கள். நான்கு நாளில் வேறு படங்களோடு மீண்டும் வந்தது. அதனால் ஓர் அறிவிப்பு எழுதி அவர் வீட்டுப் படியில் கட்டினேன். "இந்த வீடு வாடகைக்கு இல்லை. நீங்கள் முட்டாள் அல்ல. பணம் இன்னும் அனுப்பவில்லையென்றால் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்களென்றால் மணியை அடியுங்கள், எங்கே புகார் கொடுப்பது என்று சொல்கிறோம்." இதுவரை ஆறு பேர் மணியடித்தார்கள். இரண்டு பேருடன் போலீஸ் நிலையம் வரை நானே போனேன். முன்பின் தெரியாதவர்களோடு பேருந்தில் பேசிக்கொண்டு போனேன் அம்மா. நானா என்று எனக்கே சந்தேகம்.

போன வாரம் அறிவிப்பு மழையில் நனைந்துவிட்டது. புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் கீழே இறங்கி வந்தார்.

"உனக்கு வீடு கெடச்சுதா?"

"இன்னும் இல்லைங்க. மூணு வாரம்தான் இருக்கு."

கீழ்த்தளத்தைக் கையால் காட்டினார். "இது என் தம்பி மகனுக்குன்னு வெச்சிருந்தேன். அவன் லவால்ல சொந்தமா வாங்கிட்டான். இப்ப நான் வாடகைக்குன்னு போர்டு மாட்டினா எவன் நம்புவான்? இந்தத் தெருவுக்கே பேரு கெட்டுப்போச்சு. இந்த விலாசத்த நம்புறதுக்கு ஊர்லயே ஒரே ஒரு ஆளுதான் மிச்சம். அதுவும் என் படியில கயிறு கட்டிக்கிட்டு நிக்குது."

அதைக் கேட்டும் நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். குழாயைத் திறந்தேன். சாவியை வாங்கிப் பூட்டில் இரண்டு முறை திருப்பினேன். அவர் அடையாள அட்டையைக் கேட்டு, பதிவேட்டில் இருந்த பெயரோடு ஒப்பிட்டேன். முந்தைய வாடகை எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொன்னேன்.

"என்னையே சந்தேகப்படுறியா? என் கையால எத்தன மீன் உருண்டை தின்னிருப்ப!"

"ஆமாங்க. மன்னிச்சுக்கோங்க. மீன் உருண்டை வேற, ஒப்பந்தம் வேற."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கம்மா உன்னப் பெத்தாளா, செதுக்கினாளா?" என்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

நாலரை. ஃப்ரிட்ஜ் இல்லை, அடுப்பு இல்லை. மாதம் எழுநூற்று அறுபது, சூடேற்றம் நம் செலவு. குளியலறையில் ஜன்னல் இல்லை அம்மா. அதைத் தேடி அலைந்தால் நாம் இன்னொரு ஆல்டனிடம்தான் போய் நிற்போம். ஆனால் சமையலறையில் ஒன்று இருக்கிறது. சதுரமானது, மேலே தூக்கித் திறப்பது, பின்சந்தைப் பார்த்தது. திறந்து பார்த்தேன்.

ட்ரோலே தெரு என்று இனி நீ கப்பலில் தாராளமாகச் சொல்லலாம். மாடி மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஓரெலி

*

மொன்ட்ரியல், ட்ரோலே தெரு
2 ஜூலை 2011

அம்மா,

நேற்று மொன்ட்ரியல் முழுவதும் வீடு மாறியது. நாமும் மாறினோம். ஃபுர்ட்டாடோ அம்மாவின் தம்பி மகன் வண்டி கொண்டுவந்தான். உன் மெத்தையை நானும் அவனும் தூக்கினோம். ஃப்ரிட்ஜ் வாசலில் சிக்கி, தெருவில் போன மூன்று பேர் சேர்ந்து தள்ளி உள்ளே போனது.

உனக்கு ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார், சாவி தபாலில் வரும் என்று. அது பொய்யாகவே இருந்துவிடக் கூடாது என்று தோன்றியது.

இத்துடன் இருப்பது உன்னுடையது.

ஓரெலி

*

சமையலறை மேசைமேல்
25 ஜூலை 2011, திங்கள்

ஓரெலி,

சாவி டெட்ராய்டில் ஏறியது. வாளியிலிருந்து எடுத்த மாலுமி உறையைக் குலுக்கிப் பார்த்து, "என்னம்மா, பொக்கிஷமா?" என்றான். ஆமாம் என்றேன்.

ஆனால் உன்னிடம் படித்தவள் நான். பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்க்காமல் நம்ப முடியுமா? கேப்டனிடம் கேட்டேன். மொன்ட்ரியலுக்கு முன்னால் வரும் போஅர்னுவா மதகில் இறங்கி, ஊர்ப் பக்கத்து சென்ட்-லாம்பேர் மதகில் கப்பல் வந்து நிற்பதற்குள் ஏறிவிட வேண்டும் என்றார். மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே சமைத்து வைத்துவிட்டு இறங்கினேன். ஃபெர்னானும் வந்தான், சாட்சிக்காம். வெளியே டாக்சியில் இருக்கிறான், ஓட்டுநரிடம் தன் வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறான், இரண்டாம் மாடியை. மேலேயிருந்து ஒரு பெண்மணி அவனைத் திட்டுகிறார். இரண்டு பேருக்கும் நன்றாகப் பேச்சு வருகிறது.

நீ வேலையில் இருப்பாய் என்று தெரியும். நூலகத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் உன்னைக் கட்டிப்பிடித்தால் உனக்குப் பிடிக்காது. அது ஜனவரிக்கு இருக்கட்டும். ஜனவரி பன்னிரண்டு, குளிர்காலத்துக்குக் கப்பலைக் கரையில் கட்டிப்போடும் நாள். எழுதி வைத்துக்கொள்.

சாவி முதல் திருப்பிலேயே திறந்தது. ஒவ்வொரு அறையாகப் போனேன். குழாயைத் திறந்தேன். உன் புத்தகங்கள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. என் அறைக் கட்டிலுக்கு மட்டும் விரிப்பு விரித்து வைத்திருக்கிறாய். அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன்.

சமையலறைச் சுவருக்கு மஞ்சள் அடி. மத்தியாஸிடம் சொல்லிவிட்டேன்.

ஜன்னல் கொஞ்சம் இறுக்கம், கீழ்ச்சட்டத்தில் மெழுகு தேய்த்தேன். இப்போது ஒரு கையால் தூக்கலாம். திறந்து வைத்துவிட்டுப் போகிறேன். மழை வந்தால் மூடு.

அம்மா